நியூட்ரலில் விட்டுப் போகவும்

"வண்டி திருட்டுப் போகாம இருக்க எந்தப் பூட்டு போடணும்க்கா?" என்று கேட்டாள் பெர்னதெத்.

மாதா மலை அடிவாரத்தில் வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கும் சூசையம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. டோக்கன் அட்டையை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை முன்னால் நின்ற வேனின் வைப்பரில் செருகினாள். மறு பாதியை டிரைவரிடம் நீட்டினாள்.

"நியூட்ரல்ல விடு. ஹேண்ட்பிரேக் போடாத. போ."

அப்புறம்தான் பெர்னதெத்தைப் பார்த்தாள். அவளுடைய முந்தானை நுனி, பக்கத்தில் நின்ற நாலு வயசுப் பிள்ளையின் மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"உனக்கும் அதேதான் தாயி."

சூசையம்மாவிடம் ஊரே வந்து கேள்வி கேட்கும். அவள் படித்தவள் இல்லை. ஜெபக்காரியும் இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் அவள் மகன் மலையேறினான். இறங்கி வரவில்லை. கூட்டத்தில் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. மலையிலிருந்து இறங்க இந்த ஒரு வழிதான். அந்த வழியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படி உட்கார்ந்திருப்பவளுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

பெர்னதெத் தன் காரைக் காட்டினாள். ஸ்டியரிங்கில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. கியருக்குத் தனியாக ஒரு பூட்டு. கண்ணாடியைத் தொட்டால் அலறுகிற அலாரம். போதாதென்று சீட்டுக்கு அடியில் ஜிபிஎஸ்.

வேன் டிரைவர் சவரி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது, பீரோவுக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்திருக்காங்க!"

"சிரிக்காதீங்க அண்ணே," என்றாள் பெர்னதெத். "இதுக்கு முன்னால இருந்ததை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

சவரி சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"எல்லாப் பூட்டையும் எடுத்துட்டு விடு," என்றாள் சூசையம்மா.

"எடுத்தா யாராச்சும் தள்ளிக்கிட்டுப் போயிருவாங்களே."

"நான்தான் தள்ளுவேன். நீ பூட்டிட்டுப் போயிட்டா உனக்குப் பின்னால நிக்கிறவன் எப்படி வீட்டுக்குப் போவான்?"

பெர்னதெத்தால் முடியவில்லை. கார் சாவி அவள் கழுத்தில், தாலிச் சங்கிலியோடு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிள்ளையோடு காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பூசை முடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மலையேறாமலே திரும்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். காரை ஸ்டாண்டுக்கு வெளியே, தன் கண் படுகிற இடத்தில், பூட்டி நிறுத்தினாள்.

"வீட்டுக்கு மூணு பூட்டு போட்டுட்டேன்க்கா. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு இழுத்துப் பாக்குறேன். வர்ற ஞாயிறு கழிஞ்சு திங்கக்கிழமை இவளுக்கு ஸ்கூல் திறக்குது. அவரு கெஞ்சுறாரு. என்னால அனுப்ப முடியல."

"கார் போனதுக்குப் புள்ளைய ஏன் கட்டி வச்சிருக்க?"

பெர்னதெத் தரையைப் பார்த்தாள்.

"கார் போனப்ப இவ உள்ள இருந்தா."

சூசையம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முந்தானை எட்டுகிற தூரத்தில் பிள்ளை ஜெனி உட்கார்ந்து, கிழிந்த டோக்கன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

"மருந்துக் கடைக்குப் போனோம். இவளுக்குக் காய்ச்சல். பின் சீட்டுல அசந்து தூங்கிட்டா. ஏசி நின்னா முழிச்சுக்குவாளேன்னு, எஞ்சினை ஓடவிட்டுட்டு இறங்கினேன். நாலு நிமிஷம்தான்க்கா. திரும்பிப் பாத்தா கார் இல்ல. கத்திக்கிட்டே ஓடினேன்."

"என்னன்னு கத்துன?"



மலைமேல் மணி அடித்தது. நின்றது.

"என் காரு, என் காருன்னு கத்தினேன்."

குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சிவப்புக் காருக்கா. நாங்க முதமுதல்ல வாங்கினது. இங்க கொண்டாந்துதான் ஃபாதர் தீர்த்தம் தெளிச்சாரு. ஞாயித்துக்கிழமை ஆனா நானும் அவரும் குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி கழுவுவோம். அதுதான் வாய்ல வந்துச்சு. தெருமுனை வரைக்கும் அப்படித்தான் கத்தினேன். அங்க வச்சுத்தான் இவ ஞாபகம் வந்துச்சு."

ஜெனி இன்னொரு டோக்கனை மேலே வைத்தாள்.

"அவர்கிட்ட சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டயும் சொல்லல."

ஜெனியின் அடுக்கு சரிந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள்.

"புள்ள எங்க கிடைச்சா?"

"ரெண்டு மணி நேரம் கழிச்சு. பைபாஸ் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். அங்க பெஞ்சுல உக்காந்திருந்தா. காரை எடுத்தவன் திரும்பிப் பாத்து, இவ இருக்கிறதைக் கண்டு பயந்துட்டான் போல. இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். கையில தண்ணி பாட்டில் குடுத்திருந்தான். கால்ல செருப்பு மாட்டி விட்டிருந்தான். இடது வலது தெரியாம மாத்தி மாட்டி விட்டிருந்தான்."

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானம் ரெண்டு இருக்கும்."

"தரை சுட்டிருக்கும். அதான் மாட்டி விட்டிருக்கான்," என்றாள் சூசையம்மா.

பெர்னதெத் வெடுக்கென்று நிமிர்ந்தாள். கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. ஐந்து மாதமாக வராத அழுகை. முகத்தைத் துடைக்க முந்தானையை இழுத்தாள். பிள்ளையின் கையும் கூடவே வந்தது.

"வலிக்குதும்மா," என்றாள் ஜெனி.

சூசையம்மா இரண்டு பைக்குகளை நகர்த்தி, ஒரு ஸ்கூட்டருக்கு வழிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என் மகன், 'அம்மா, போயிட்டு வரேன்'னான். நான் ஒருத்தனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். அவன் ஹெல்மெட்டைக் காணோமாம். நான்தான் எடுத்துட்டேனாம். 'போ, போ'ன்னு கையை ஆட்டினேன். நான் அவனைத் திரும்பிப் பாக்கல."

"ஹெல்மெட் கிடைச்சுதாக்கா?"

"அன்னைக்கே கிடைச்சுது. அவன் வண்டிக்கு அடியிலயே உருண்டு கிடந்துச்சு."

மூன்றாவது ஞாயிறு கார் நேராக ஸ்டாண்டுக்குள் வந்தது. ஸ்டியரிங்கில் கம்பி இல்லை. கியரில் பூட்டு இல்லை. பெர்னதெத் கழுத்திலும் சாவி இல்லை.

அவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். இறங்கி, கதவைச் சும்மா சாத்திவிட்டு, நாலு அடி தள்ளி நின்றாள்.

சவரி வந்து பானெட்டில் ஒரு கையை வைத்துத் தள்ளினான். கார் சத்தமில்லாமல் பின்னால் உருண்டது. அது மறித்திருந்த வழியில் ஒரு கிழவரும் கிழவியும் தங்கள் மொபெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

"பீரோ நல்லா ஓடுதே," என்றான் சவரி.

பெர்னதெத் சிரித்துவிட்டாள்.

சூசையம்மா அட்டையைக் கிழித்து ஒரு பாதியை வைப்பரில் செருகினாள். மறு பாதியைக் கொடுத்தாள். பெர்னதெத் அதை மணிபர்சில் வைத்து ஜிப்பை இழுத்தாள். திறந்து, இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடினாள்.

பிறகு குனிந்து முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். நேரமாயிற்று. முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்ந்த இடத்தில், பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றி ஒரு கோடு.

"நாளைக்கு ஸ்கூல்க்கா," என்றாள்.

ஜெனி மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மலைப்படிகளைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். அவளே மாட்டிக்கொண்ட செருப்பு. கால் மாறியிருந்தது.

முதல் படி. ஐந்தாவது படி. கூட்டம் அவளைச் சுற்றி மேலே போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் கவுன் தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

பெர்னதெத் சூசையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவளுக்கும் ஒண்ணு கிழிச்சுக் குடுங்களேன்."

சூசையம்மா மஞ்சள் கவுன் மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைக்கட்டு அவள் மடியில் இருந்தது.

"ஆளுக்கு டோக்கன் கிடையாது தாயி."