பேரரசரின் இடது கன்னம்

பெர்னார்தோ பாதிரியாரை லூ வென் கடைசியாகப் பார்த்தது கால்வாய்ப் படித்துறையில். ஊர் திரும்பப் படகேறும்போதும் பாதிரியார் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதன்மேல் தலை இருந்ததற்குக் காரணமே லூ வென்தான்.

பாதிரியார் இத்தாலிக்காரர். சீன அரண்மனை ஓவியர்களுக்குத் தம் நாட்டு ஓவிய முறையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர். பட்டில் தீட்ட அவர்களிடம் கற்றுக்கொண்டவர். அமைச்சர் காவ் ஃபூவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஓவியக்கூடத் தலைவர் அமைச்சரின் மைத்துனர். மாணவர்களோ மைத்துனரை விட்டுவிட்டுப் பாதிரியாரிடம் போய்விட்டார்கள்.

ஒருநாள் காலை பாதிரியார் வரைந்த பேரரசரின் படம் சபையில் திறக்கப்பட்டது. சீன ஓவியர்கள் முகத்தில் நிழல் தீட்டுவதில்லை. முழு நிலவாக வைப்பார்கள். இதில் வலது கன்னம் பளிச்சென்றும் இடது கன்னம் கறுத்தும் இருந்தன.

"முகம் கழுவாமலா உட்கார்ந்திருந்தேன்?" என்றார் பேரரசர்.

ஒளி இருந்தால் நிழலும் உண்டு என்று பாதிரியார் திக்கித் திணறி விளக்கினார். விளக்க விளக்க வினை கூடியது. வானத்தின் மகனாகிய பேரரசரைப் பாதி இருட்டு என்பது ராஜ துரோகம், அதற்குத் தலையைத்தான் வாங்க வேண்டும் என்றார் அமைச்சர். பேரரசரும் தலையசைக்கப் போனார்.

அரசவை விகடன் லூ வென் எழுந்தான்.

"வெட்டலாம், பேரரசே. தலை எங்கே ஓடிவிடப் போகிறது? அதற்கு முன் படத்தைச் சரிபார்த்துவிடுவோம். படம் வரைந்த அன்று போலவே எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கட்டும்."

பேரரசர் அரியணையில் அமர்ந்தார். அமைச்சர் முந்திக்கொண்டு தம் இடத்துக்குப் போனார். பேரரசரின் இடப்பக்கம், கீழ்த்திசைச் சன்னலை ஒட்டிய முதலிடம். பதவிக்கேற்ற உடம்பு, உடம்பை மிஞ்சிய அங்கி. லூ வென் ஐரோப்பியர் தந்த கண்ணாடியைப் பேரரசர் முன் பிடித்தான். இடது கன்னம் கறுத்திருந்தது.

"அமைச்சர் ஐயா, மூன்றடி தள்ளி நில்லுங்கள்."

அமைச்சர் நகர்ந்தார். காலை வெயில் வந்து கன்னத்தில் விழுந்தது.

"பாதிரியார் அழுக்கை வரையவில்லை, பேரரசே. அமைச்சரை வரைந்திருக்கிறார்."

பேரரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாதிரியாருக்கு இரண்டு சுருள் பட்டும், விரும்பியபோது ஊர் திரும்ப அனுமதியும் கிடைத்தன. நகர்ந்த மூன்றடியை அமைச்சரால் திரும்ப நடக்கவே முடியவில்லை.

பாதிரியார் ஊர் போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் காய்ச்சல் கொண்டுபோனது. படம் அந்த மண்டபத்திலேயே தொங்குகிறது. சன்னலோரம் யாரும் நிற்பதில்லை.