உடைமரம் வளத்த கோவக்காரி

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. ராசா இல்ல, மந்திரி இல்ல, வெறும் கோவக்காரிதான். பேரு சுயம்புக்கனி. கோவம் வந்தா காது ரெண்டும் செவந்துரும், மூக்கு வெடச்சுக்கிடும். ஏன் அத்தை அவளுக்குக் கோவம் வருதுன்னு கேக்கியா? சும்மா வருமாட்டி யாருக்காவது? சொல்லுதேன், கேளு. ம் போடணும். நீ ம் போடலன்னா நான் சுவத்துக்கா கதை சொல்லுதேன்?

"ம்."

அவ ஊரு தேரிக்காட்டு ஓரத்துல. தேரின்னா செவப்பு மணலு, வத்தல் பொடியக் கொட்டிப் பரப்புனாப்ல கண்ணுக்கு எட்டுற மட்டும் கெடக்கும். அந்த மணலு ஒரு எடத்துல இருக்காது. ஆடி பொறந்துட்டா மேக்க இருந்து காத்து ஊஊஊன்னு வரும், மணலு சர்ர்ர்ருன்னு நகரும். நேத்து இருந்த மேடு இன்னைக்கு வேற எடத்துல நிக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். தங்கப்பழம்னு பேரு. பேருல மட்டுந்தான் பழம். அப்பா செத்துப் பதினாறு கூட முடியல, பங்கு பிரிச்சுட்டான். பனங்காடு அவனுக்கு, வாழைத்தோட்டம் அவனுக்கு, ஓட்டு வீடு அவனுக்கு. தங்கச்சிக்கு என்ன? தேரி மணல்ல ஒரு ஓலைக் குடிசையும் ஒரு கெணறும். பொம்பளப்பிள்ளைக்கு இதே ஜாஸ்தின்னான். ஊர்ப் பெரியவங்க நாலு பேரு உக்காந்து தலைய ஆட்டுனாங்க. ஆட்டுறதுக்குன்னே தலை வச்சிருக்கிற ஆளுக.

அந்தக் கெணத்துத் தண்ணி மட்டும் எளநியாட்டம் இனிக்கும். அத எறச்சு நாலு பாத்தி கீரை போட்டு, அதுல கஞ்சி குடிச்சா. ஆனா ஒவ்வொரு ஆடிக்கும் மணல்மேடு கெணத்தப் பாத்து நகந்து வருது. அண்ணனுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தான். ஒரு நாளு வந்து நின்னு, சிரிச்சுக்கிட்டே சொல்லுதான்: "இன்னும் மூணு ஆடி தாங்கும் இந்தக் கெணறு. மூடுனதும் வீட்டுக்கு வந்துரு தாயி. அடுப்படி மூலையில பாயப் போட்டுக்கிடு. ஒங்க மதினிக்கும் ஏனம் கழுவ ஆளு வேணும்ல."

கேட்டியாட்டி? கூடப்பொறந்தவன் பேசுற பேச்சா அது? என்ன, சத்தத்தக் கொறைக்கவா? கொறைக்க மாட்டேன். ஒங்கப்பா வெளிய கட்டில்லதான படுத்திருக்காவ, எங்கண்ணனுக்கும் கேக்கட்டும்.

"ம்."

அப்போ அவளுக்குக் காது செவந்துச்சு. அவன் போன தடத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் மேக்க திரும்பிப் பாத்தா. தேரில எது நிக்கும்? வாழை நிக்குமா, தென்னை நிக்குமா? உடைமரம் ஒண்ணுதான் நிக்குது. குட்டையா, கொடைய விரிச்சாப்ல, ஒடம்பெல்லாம் வெள்ளை முள்ளு. அதுக்கு மழை வேணும்னு கெஞ்சத் தெரியாது. அடியில மணலப் புடிச்சுக்கிட்டா விடாது. கெணத்துக்கு மேக்க மூணு வரிசை உடை வளத்துட்டா மணலு தாண்டாதுன்னு கணக்குப் போட்டா. மரம் வளந்துட்டா கெணறு அவளுக்கு. வளரலன்னா அவ போகணும் மதினி அடுப்படிக்கு. அம்புட்டுத்தான் வெவகாரம்.

மொத வருசம் நெத்தப் பொறுக்குனா. காஞ்சு சுருண்ட காய்தான் நெத்து, உலுக்குனா கிலுகிலுன்னு உள்ள வெதை ஆடும். ஒடச்சு எடுத்து ஐப்பசி மழைக்கு முன்னால ஊனுனா. மழை சடசடன்னு பெஞ்சுது. பத்து நாளாச்சு, இருவது நாளாச்சு, ஒண்ணும் மொளைக்கல. தோண்டிப் பாத்தா வெதை போட்டது போட்டபடி கெடக்கு, கல்லு. ஒக்காந்து வஞ்சா பாரு, அந்த வெதைய மட்டும் இல்ல, ஏழு தலைமொறையையும் வஞ்சா. வஞ்சுக்கிட்டே பாத்தா, வேலி ஓரமா ஆட்டுப் புழுக்கை கெடந்த எடத்துல மட்டும் ரெண்டு பச்சை எலை. வழியில போன ஏதோ ஒரு ஆடு நெத்தத் தின்னுட்டு வந்து இங்க போட்டிருக்கு. அப்போதான் அவளுக்கு வெளங்குச்சு. அந்த வெதைக்குத் தோலு கெட்டி, வயித்துச் சூட்டுக்குள்ள போய் வந்தாத்தான் எளகும். வெளங்கி என்ன செய்ய? மழை ஓஞ்சு போச்சு. ஆடிக் காத்து வந்துச்சு. மணலு கெணத்துக்கு முப்பதடில வந்து நின்னுச்சு.

"ம்."

ரெண்டாவது வருசம் வெந்நி வச்சு எறக்கி, வெதைய அதுல போட்டு ஊறவச்சா. விடிஞ்சு பாத்தா வெதை உப்பிக் கெடக்கு. ஊனுன எட்டாம் நாளு அம்புட்டும் மொளச்சிட்டு. அப்போ அவளுக்கு மனசு எளகிப் போச்சு. கோவக்காரி மனசு எளகுனா அம்புட்டுத்தான். பச்சப்பிள்ளைல்லா, தாகமா இருக்குமேன்னு காலைல ஒரு கொடம், சாயந்தரம் ஒரு கொடம் ஊத்துனா. செடியும் தளதளன்னு வளந்துச்சு. ஆடி வந்துச்சு. ஊஊஊன்னு ஒரே காத்து. பொத் பொத்துன்னு செடியெல்லாம் சாஞ்சுட்டு. எடுத்துப் பாத்தா வேரு சுண்டுவெரல் நீளங்கூட இல்ல. மேலயே தண்ணி கெடைக்கும்போது அது எதுக்குக் கீழ எறங்குது? மணலு பதினஞ்சடிக்கு வந்துட்டு.

அன்னைக்கு அவ தன்னையே வஞ்சுக்கிட்டா. அடுத்த ஐப்பசில மறுபடியும் ஊனுனா. இந்தத் தடவை மொத மாசம் வாரத்துக்கு ஒரு தடவை, வேரு நனைய ஆழமா ஊத்துனா. அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. செடி வாடித் தலைய தொங்கப் போட்டா பக்கத்துல உக்காந்து, தண்ணி கீழ கெடக்கு, போய்த் தேடுடீன்னு அதட்டுவா. ஊரே சிரிச்சுது, செடிகூடச் சண்டை போடுற பொம்பளைய எங்கயாவது பாத்திருக்கீங்களான்னு. அவ சட்டையே பண்ணல. செடியும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு வளந்துச்சு, மேல ஒரு முழம்னா கீழ ரெண்டு முழம்.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்புறம் சித்திரை வந்துச்சு. ஒரு நாளு காலைல கறுக் மொறுக், கறுக் மொறுக்குன்னு சத்தம். ஓடி வந்து பாத்தா அண்ணன் ஆடு முப்பதும் செடிக்குள்ள நிக்குது. யாரு அவுத்து விட்டது? தானா வருமா அது, ஒரு மைல் தூரத்துல இருந்து? அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு கேட்டா. ஆட்டுக்கு எல்லை தெரியுமான்னு பல்லக் குத்திக்கிட்டே சொல்லுதான். அவ விறுவிறுன்னு திரும்பி வந்தா. காட்டுல இருந்த பெரிய உடைகள்ல கெளைய வெட்டிட்டு வந்து, தப்பிச்ச செடி ஒவ்வொண்ணயும் சுத்தி முள்ளு கட்டுனா. கையெல்லாம் கிழிஞ்சு ரெத்தம். வெட்டும்போது அந்த மரத்துல அடிக்கெளை ஒண்ணக்கூடத் தொடல, மணலப் புடிக்கிறது அதுதான். வெயிலெல்லாம் கம்ப வச்சுக்கிட்டு அங்கயே கெடந்தா.

மூணாவது ஆடி. அண்ணன் வேடிக்கை பாக்க வந்து மேட்டு மேல நின்னான். காத்து எடுத்துச்சு. மணலு சர்ர்ர்ருன்னு வந்து முள்ளுல மோதுச்சு, செடில மோதுச்சு, அங்கயே பொதபொதன்னு விழுந்துச்சு. இடுப்பளவு செடி, ஒண்ணுகூடச் சாயல. கெணத்துக்கு அஞ்சடில மணலு நின்னுட்டு. அவன் மேட்ட விட்டு எறங்கிப் போயிட்டான்.

அதுக்கப்புறம் கொஞ்ச வருசம் கழிச்சு மழை பொய்ச்சுது. ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம். வாழை கருகுச்சு. அவன் கெணத்துத் தண்ணி உப்பாச்சு. ஆட்டுக்கெல்லாம் வெலா எலும்ப எண்ணலாம். உடைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. வரிசையா கொடை விரிச்சு நிக்குது, அடியில நெத்து கொட்டிக் கெடக்கு. அப்போ வந்தான் தங்கப்பழம், ஆட்டையும் ஓட்டிக்கிட்டு.

அவ முள்வேலி வழியில வந்து நின்னா. அவன் சொன்னான்: "நமக்குள்ள என்ன தாயி. கோவத்த விடு, கூடப்பொறந்தவன் வந்திருக்கேன்."

அவ சொன்னா: "ஆடு ஒரு பாவமும் அறியாது, அது உள்ள வரட்டும். நீ வரணும்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. 'ஒனக்கு நான் செஞ்சது அநியாயம்'னு சொல்லு."

ஆடு உள்ள போச்சு. அவன் வெளிய நின்னான். வெயில் கடுமைன்னான். அப்பா இருந்தா இப்படி நடக்குமான்னான். பெரியவங்க பிரிச்ச பங்குதானேன்னான். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரல. பதினஞ்சு அடி எடுத்து வச்சா நெழலு, நெழல்ல தண்ணிக் கொடம், மேல செம்பு. அவன் சுடுமணல்ல இந்தக் கால மாத்தி அந்தக் கால மாத்தி நிக்கான். சாயந்தரம் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனான். மறுநாளும் வந்தான், அங்கனயே நின்னான். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான்.

"சொன்னானா அத்தை?"

சொல்லல. மழை வந்துச்சு, அவன் காட்டுல புல்லு மொளச்சுது, அதோட வாரத நிறுத்திட்டான்.

"அவளுக்குக் கோவம் போயிருச்சா?"

எப்படிட்டிப் போகும்? எல்லாக் கதையிலயும் கடைசில மன்னிச்சு, கட்டிப்புடிச்சு அழுவாங்கன்னு பாக்கியா? அவ கீரைக்குத் தண்ணி எறச்சா, சோறு பொங்குனா, நல்லாத்தான் இருந்தா. கோவமும் அப்படியே இருந்துச்சு. அவன் சொன்னாத்தான அது போகும்.

கதை தேரி ஏறிப் போயிட்டு. கண்ண மூடு, தூங்கு.