நண்டுக்குக் கழுத்து இல்லை

எங்கள் குப்பத்தில் இரண்டு மாஸ்டர்கள். ஒருவர் டீ மாஸ்டர் தணிகாசலம், ஐம்பதை நெருங்குகிறவர். இன்னொருத்தி அலைச்சறுக்கு சொல்லித்தரும் ஜெசிந்தா, அவர் மகள் வயதுதான் இருக்கும். அவர் இவளை மாஸ்டர் என்பார். இவள் அவரை மாஸ்டர் என்பாள். வெளியூர்க்காரன் கேட்டால் தலை சுற்றும்.

தணிகாசலம் காலமெல்லாம் கடலைப் பார்த்து டீ ஆற்றியவர். முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கரையில் வலை பின்னுகிறவர்கள் கையைத் தூக்கி விரல் காட்டினால், அத்தனை டீ வேண்டும் என்று அர்த்தம். அவர் பதிலுக்குக் கையைத் தூக்கினால், வருகிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் அவருக்கும் கடற்கரைக்கும் உறவு.

ஒருநாள் ஜெசிந்தா முன்னால் போய் நின்றார்.

"கடல்லேர்ந்து பாத்தா என் கடை எப்படி மாஸ்டர் தெரியும்?"

"வந்து பாருங்க."

சிஷ்யனானது அப்படித்தான்.

பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவியபடி அவள் முன்னால் போவாள். இவர் பின்னால் போவார். வாய் மட்டும் ஓயாது.

"காக்கா ஏன் மாஸ்டர் இந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குது?"

"சனிக்கிழமை மட்டும் பன்னு ஏன் சீக்கிரம் தீந்துபோவுது?"

"நண்டுக்குக் கழுத்தே இல்லியே, பின்னாலேர்ந்து கூப்பிட்டா எப்படித் திரும்பும்?"

ஜெசிந்தா எதற்கும் பதில் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

வலை பின்னும் ஏழுமலைக்கு இது பொறுக்கவில்லை. அடுத்தவன் விஷயம் என்றால் அவனுக்கு வெல்லம்.

"ஏன்யா, சொல்லித்தர்றவகிட்ட இப்படியா தொணதொணப்ப? அந்தப் பொண்ணு ஒரு வார்த்த பேசுதா பாத்தியா? உன் வாய்க்குப் பயந்துதான் முன்னாடி ஓடுது."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. மறுநாள் வாயைத் தைத்துக்கொண்டுதான் கடலில் இறங்கினார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போனார்கள். வழியில் ஜெசிந்தா அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். இவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒழுக்கத்தை மெச்சுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்தார், பாவம்.

பெரிய அலைகள் வரிசையாக எழுந்தன. அவள் முன்னால் மட்டுமே பார்த்தாக வேண்டியிருந்தது. இரண்டாவது அலை இவரைப் புரட்டியது. காலையும் பலகையையும் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. பலகை ஒரு பக்கம் போக, கரையிலிருந்து உள்வாங்கும் நீரின் இழுப்பு இவரைப் பிடித்து ஆழத்துப் பக்கம் கொண்டுபோனது.

கூப்பிடப் பார்த்தார். வாயைத் திறந்ததும் உப்புத் தண்ணீர் புகுந்தது. கரையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அப்போதுதான் கடை தெரிந்தது. தீப்பெட்டி அளவு இருந்தது. பக்கத்தில் ஏழுமலை எழுந்து நின்று, பதிலுக்கு உற்சாகமாகக் கையைத் தூக்கினான்.

டீ கேட்கிறான் என்று புரிந்தது. இதைவிடக் கேவலமான சாவு உண்டா?

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தபோது வெறும் பலகைதான் மிதந்தது. தேடினாள். தூரத்தில் ஒரு கை தெரிந்தது. தெரிந்தே அந்த இழுப்புக்குள் போனாள்.

கிட்டே வந்ததும் அவர் அவள் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தார். அவள் தன் பலகையைக் குறுக்கே தள்ளினாள்.

"என்னப் புடிக்காதீங்க. இதப் புடிங்க."

பிடித்தார். ஆனால் கரையைப் பார்த்துக் காலை உதறிக்கொண்டே இருந்தார். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. கண் பிதுங்கியது.

"கரையப் பாக்காதீங்க. ஏதாவது கேளுங்க."

"என்ன?"

"தெனம் கேப்பீங்களே. கேளுங்க."

"செத்துக்கிட்டிருக்கேன் மாஸ்டர்."

"அதுக்கு முன்னாடி கேளுங்க."

இருமினார். "நண்டுக்கு... கழுத்து இல்லியே... கூப்பிட்டா..."

"அது பழசு. கேட்டாச்சு. புதுசா ஒண்ணு."

உதறிய கால் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஞாபகம் இருக்கா?"

"சனிக்கிழமை பன்னும் ஞாபகம் இருக்கு. கேளுங்க."

கேட்டார். கேள்விக்கு ஒரு மூச்சு வெளியே வந்தது, அடுத்த கேள்விக்கு ஒன்று உள்ளே போனது. அவள் கரைக்கு நேராகப் போகாமல் பலகையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருந்தாள். இழுப்பு மெல்ல விட்டது. ஓர் அலை இருவரையும் தூக்கி மணலில் போட்டது.

ஏழுமலை ஓடி வந்தான். "டீ வருதுன்னு நீ சொல்றேன்னு நெனச்சேன்யா," என்றவன் அப்படியே உட்கார்ந்து அழுதான். அவனைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

தணிகாசலம் ஜெசிந்தாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உள்ள பேசினது பயத்துல பேசினது மாஸ்டர். நாளையிலேர்ந்து தண்ணில வாயத் தொறக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வராதீங்க."

அவர் முகம் சுருங்கியது. கண் கலங்கியது.

"இத்தன நாளும் பேசினேனே மாஸ்டர், ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தீங்களா?"

ஜெசிந்தா முடியைப் பிழிந்தாள்.

"காதுல விழுந்துக்கிட்டே இருந்தீங்க. எதுக்குத் திரும்பணும்?"