நீலம் அணையாத குடுவை

"என் மூலக்கூறுல ஒரு தப்பும் இல்லை மேடம். இந்தக் கிருமிகளுக்குத்தான் புத்தி இல்லை," என்றாள் அங்கவை.

இருட்டறையில் ஜெசிந்தா மேடத்தின் சிரிப்பு மட்டும் கேட்டது.

கண் பழகப் பழக, மேசைமேல் குடுவை நீலமாக எழுந்து வந்தது. எங்கோ ஆழத்தில் ஒரு கடல் கண் விழித்ததுபோல.

குடுவைக்குள் தீக்காயத்தில் குடியேறும் கிருமிகள். தனியாக இருக்கும்வரை பரம சாது. ஒன்றுக்கொன்று ஒரு வேதிச் சொல்லைக் கசியவிடும். சொல் பெருகினால் கூட்டம் கூடிவிட்டது என்று பொருள். உடனே எல்லாம் சேர்ந்து புண்ணை அரிக்கும்.

அந்தச் சொல்லைக் கேட்டால் ஒளிரும்படி இவற்றை மாற்றியிருந்தார்கள். அங்கவையின் மூலக்கூறு அவற்றின் காதை அடைத்தால் ஒளி அணைய வேண்டும்.

அணையவில்லை. கூடியிருந்தது.

மாலையில் கமிட்டி கூடுகிறது. அணையாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள்.

"கிருமிங்க சொல்லையே அச்சு வார்த்த மாதிரி செஞ்சேன். காதுக்குள்ள கச்சிதமா போய் உட்காருது. அவங்க சொந்தச் சொல்லைவிட!"

"ஆமா."

"அப்புறம் கமிட்டி எப்படி மூடலாம்? தீக்காய வார்டுல கிடக்கிறவங்க முகத்தை ஒருநாளாவது வந்து பார்த்திருக்காங்களா?"

"அதானே."

"கேட்க ஆளில்லைன்னு நினைப்பா?"

"நல்லாக் கேளு."

அங்கவைக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. நீலம் அவள் கன்னத்தில் அலையாடியது.

"நீங்களாவது எதிர்த்துப் பேசுங்க மேடம்!"

"பேசினா மட்டும் நிறுத்திடுவியாக்கும். கையைக் கழுவிட்டு வெளியே வா."

தாழ்வாரத்திலும் அவள் விடவில்லை. மேடம் கைப்பையைத் துழாவினார்.

"வாயைத் திற."

"எதுக்கு? நான் கேட்டதுக்கு முதல்ல..."

பெரிய கமர்கட்டு ஒன்று உள்ளே போனது.

அங்கவை பேசப் பார்த்தாள். பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. நாக்கு புரள இடமில்லை. முறைத்தாள். மேடம் தூணில் சாய்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பம்பூ உதிர்வது கேட்குமளவுக்கு அமைதி.

அங்கவையின் முறைப்பு மெல்லத் தளர்ந்தது. கண்கள் அகன்றன.

ஆய்வகத்துக்கு ஓடினாள். கரும்பலகையில் இருந்த தன் அழகான மூலக்கூறின் மெல்லிய வாலை உள்ளங்கையால் அழித்தாள். அந்த இடத்தில் முரட்டு வளையம் ஒன்றை வரைந்தாள். அதன்மேல் இன்னொன்று. இது காதுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் காது புரள இடமிருக்காது.

மேடம் வாசலில் நின்றபடி போனை எடுத்தார்.

"கமிட்டியா? மூடாதீங்க. பொண்ணு இப்பத்தான் பேச்சை நிறுத்தியிருக்கா."