கிரவுனுக்கு ஆயில் ஊற்றியவர் யார்?

“நான் மலையை விட்டு எறங்கிப் போயிடறேனுங்கம்மா” என்றார் செங்கோடன்.

அம்மா கொடியில் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“ஏன், செங்கோடண்ணா?”

தேன்கரட்டு மலைக் குடிலில் அம்மாதான் குரு. செங்கோடனைவிட வயதில் நன்றாகவே இளையவர். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை அம்மா என்பார். அந்தக் குடிலில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

“காலைல நடந்தது தெரியுமில்லீங்க?”

“தெரியும். உங்க வாயால சொல்லுங்க.”

செங்கோடன் குடிலின் ஜீப்பை ஓட்டுகிறவர். முன்பு லாரி ஓட்டியவர். அன்று காலை மலைக்கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவர்களில் ஒருத்திக்கு இடுப்புவலி கண்டிருந்தது.

“பெரிய வளைவுல திருப்பறேனுங்க. பின்னால ‘கொய்ங்’னு ஒரு சத்தம். அப்புறம் டமார்னு ஒண்ணு. பின்சக்கரம் ரெண்டும் அப்படியே புடிச்சுக்கிச்சு. வண்டி வழுக்கிக்கிட்டே போயி கைப்பிடிச் சுவத்துல சாஞ்சு நின்னுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாசமுங்க.”

“யாருக்காச்சும் அடியா?”

“இல்லீங்க. மேல கட்டியிருந்த பலாப்பழந்தான் பள்ளத்துக்குப் போச்சு.”

“வலி கண்ட பொண்ணு?”

“பின்னால வந்த பஸ்ல ஏத்தி அனுப்பினனுங்க. மத்தியானமே போன் வந்துருச்சு. பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு உசுரும் நல்லாயிருக்குது.”

“அப்புறம் என்ன அண்ணா?”

“அந்தச் சுவரு இல்லாம இருந்திருந்தா?”

செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“ஓட்டினவன் நானுங்க. கிரவுன்ல ஆயில் இருக்குதான்னு குனிஞ்சு பார்க்காதவனும் நான்தான். நான் இங்கே இருக்க லாயக்கில்லை.”

அம்மா கடைசித் துணியையும் உதறிப் போட்டார்.

“வாங்க, வண்டியைப் பார்க்கலாம்.”

*

பெரிய வளைவுக்கு நடந்தே போனார்கள்.

ஜீப் சுவரில் சாய்ந்தபடி நின்றது. அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை மாதப்பனுடையவை. குடிலுக்கு வருமுன் பட்டறையில் வேலை பார்த்த சீடர்.

அம்மாவின் குரல் கேட்டதும் மாதப்பன் நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. கண்ணுக்குக் கீழே மட்டும் கரி கரைந்து கோடு விழுந்திருந்தது.

“நான் போயிடறனுங்கம்மா” என்றார்.

“நீங்களுமா?”

“தப்பு என்னோடதுங்க. அண்ணன் மேல ஒண்ணுமில்லை.”

“தம்பி, சும்மா இரு. தப்பு என்னுது” என்றார் செங்கோடன்.

“இல்லீங்கண்ணா, என்னுது.”

“நாந்தாங்கறேனில்ல!”

பழியைச் சுமப்பதற்கும் போட்டி. வளைவில் போன லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

“எங்கே கெட்டுது, காட்டுங்க” என்றார் அம்மா.

பின் அச்சின் நடுவில் குடம்போல உப்பியிருக்கும் இரும்புக்கூட்டை மாதப்பன் தொட்டுக் காட்டினார். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அதற்குக் கிரவுன் என்று பெயர். அது எப்போதும் எண்ணெயில் முங்கிக் கிடக்க வேண்டும். பக்கத்தில் ஒரு திருகு மூடி உண்டு. அதைக் கழற்றி விரலை விட்டால் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அவ்வளவு சுலபமான காரியம்.

“எண்ணெயை அடைச்சு வெக்கற சீல்ல கசிவுங்க. சொட்டுச் சொட்டாப் போயிருக்குது” என்றார் மாதப்பன்.

“செங்கோடண்ணா, நீங்க ஏன் விரல் விட்டுப் பார்க்கலை?”

“தம்பி பட்டறைக்காரருங்க. சத்தமில்லாம ஊத்திவெச்சிருப்பாருன்னு நெனச்சேன்.”

“மாதப்பன் தம்பி, நீங்க?”

“அண்ணன் கையில இருக்கற வண்டிங்க. அவரே ஊத்தியிருப்பாருன்னு இருந்துட்டேன். அவர் செஞ்சதை நான் தொறந்து பார்த்தா அது சோதிக்கற மாதிரி ஆயிருமில்லீங்க.”

“ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கலாமே?”

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

கேட்டிருக்க முடியாது. அதுதான் குடிலின் விதி.

ஒரு காலத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் செய்த சேவையைச் சொல்லிக்கொள்வார்கள். தொட்டி ரொப்பினேன், சாணி அள்ளினேன், விறகு பிளந்தேன். ஒருவர் ஒரு கட்டு என்றால் அடுத்தவர் இரண்டு கட்டு என்பார். சோறு ஆறிப்போகும். ஒருநாள் அம்மா சலித்துப்போய்ச் சொல்லிவிட்டார்: “செய்ததைச் சொல்லக் கூடாது. யார் செய்தது என்று கேட்கவும் கூடாது.”

அன்றிலிருந்து குடிலில் அப்படி ஓர் அமைதி. தொட்டி நிறைந்திருக்கும், ரொப்பியவர் யாரென்று தெரியாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பார்த்து மெய்மறந்து போனார்கள். ஜீப் நிற்கும் இடத்தில் சொட்டிய எண்ணெய்க் கறையைக்கூட எந்தப் புண்ணியவானோ தினமும் மண் போட்டுக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்திருக்கிறார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அம்மா குனிந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் கையை நீட்டித் திருகு திறந்த துளைக்குள் விரலை விட்டார்.

விரல் கறுப்பாக வெளியே வந்தது. எண்ணெயின் ஈரம் இல்லை. வெயிலில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

“இது என்ன?”

“பல்லுங்கம்மா” என்றார் மாதப்பன். “கிரவுனோட பல்லு. ஒண்ணோட ஒண்ணு உரசி அரைபட்டுப் போச்சு.”

அம்மா விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யார் போகணும்னு இப்பத் தெரிஞ்சுருச்சு” என்றார்.

செங்கோடன் கைகூப்பினார். மாதப்பனும் கைகூப்பினார்.

அம்மா சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். குடில் இருக்கும் மேட்டுப் பக்கம் அல்ல. கீழே, ஊர்ப் பக்கம்.

“எங்கீங்கம்மா போறீங்க?”

“தப்புப் பண்ணவங்க எறங்கிப் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

வேகமாக நடந்தார். விளையாட்டுக்குப் போகிற நடையாகத் தெரியவில்லை. செங்கோடன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மாதப்பன் அவரையும் முந்திக்கொண்டு ஓடி, சாலையின் நடுவே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“வேண்டாமுங்கம்மா! நீங்க போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?”

அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

செங்கோடனுக்கு மூச்சு வாங்கியது. அதையும் மீறிக் கோபம் வந்தது. குருவின் மேல் வந்த முதல் கோபம்.

“என்னங்கம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்! விதி தப்புன்னா மாத்திப்புட்டுப் போறது. அதுக்காக ஆளே எறங்கிப் போவாங்களா? போயிட்டா மட்டும் ஒடஞ்ச பல்லு ஒட்டிக்குமா?”

அம்மா நின்றார்.

“என்ன சொன்னீங்க?”

“போயிட்டா மட்டும் ஒடஞ்ச பல்லு…” என்று ஆரம்பித்த செங்கோடன் பாதியில் நிறுத்தினார்.

மாதப்பன் விரித்த கைகளை மெதுவாகக் கீழே போட்டார்.

பிறகு செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

“செருப்பு எங்கேண்ணா?” என்றார் அம்மா.

“அங்கியே விட்டுட்டனுங்க.”

“போட்டுட்டு வாங்க. பசிக்குது.”

மூவரும் மேட்டுப் பக்கம் நடந்தார்கள்.

*

சாயங்காலம் பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டார்கள். வழக்கம்போல் ஒரு பேச்சும் இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது. வரிசையாகத் தலையைக் குனிந்து பக்தியோடு சாப்பிட்டார்கள்.

செங்கோடன் ஒரு வாய் எடுத்துவைத்தார். பக்கத்தில் பார்த்தார். மாதப்பன் மென்றுகொண்டிருந்தார். எதிரே பார்த்தார். அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு வாய் எடுத்தார். விழுங்கினார். கையை இலையில் வைத்தார்.

“அம்மா…”

எல்லாருடைய கையும் நின்றது.

“குழம்புல உப்பு இல்லீங்க.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா!” என்றார். “நேத்தும் இல்லைண்ணா.”