அச்சை விட்டு வராத கொக்கி

கடவுள் அறிவைப் பங்கு போட்ட அன்று, "யாரும் முண்டியடிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டிருந்தாராம். கொட்டாம்புதூர்க்காரர்கள் அதை மதித்தார்கள். கடைசிவரை முண்டியடிக்காமல் நின்று, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அப்பேர்ப்பட்ட ஒழுக்கசீலர்கள் மூவரை வைத்துத்தான் நாச்சிமுத்து இரும்புப் பட்டறை நடத்தினார். அவருடைய தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒருநாள் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கிரேன் கொக்கி முறிந்தது. ஆலை நின்றது. வாசலில் லாரி லாரியாகக் கரும்பு காய்ந்தது.

"சாயங்காலத்துக்குள்ள புதுக் கொக்கி போய்ச் சேரலீன்னா, நம்ம பட்டறைக்குப் பூட்டுத்தான்" என்று மூவரையும் நிற்க வைத்துச் சொன்னார் நாச்சிமுத்து. "ஆறுக்குட்டி, உலையில இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கீழ இருக்குற அச்சுல வெய்யி. மேலச்சு எந்திரச் சம்மட்டில இருக்குது. சிகாமணி, அதைய நங்குனு இறக்கு. ரெண்டு அச்சுக்கும் நடுவுல இரும்பு கொக்கியா மாறீரும். மிச்ச இரும்பு ஓரத்துல பிதுங்கும். ரங்கம்மா, அச்சை விட்டு வெளிய வர்றதெல்லாம் கழிவு. வெட்டிப் போட்டிரு."

சொல்லிவிட்டு, ஆலை மேனேஜரைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார்.

முதல் அடியிலேயே கொக்கி அருமையாக அமைந்தது. ஊருக்கே அது புது அனுபவம். பிதுங்கியதை ரங்கம்மாள் வெட்டினாள். சிகாமணி இடுக்கியால் கொக்கியை வெளியே எடுத்தான். ரங்கம்மாள் அதையும் இரண்டாக வெட்டினாள்.

"ஏம்மா, அது கொக்கியாச்சே?" என்றான் சிகாமணி.

"உள்ள இருந்த வரைக்கும் கொக்கிதானுங்ணா. இப்ப வெளிய வந்துருச்சுல்ல?"

நியாயம்தான் என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கொக்கியும் போனது, அதற்கடுத்ததும் போனது. கழிவுக் குவியல் மட்டும் அமோகமாக வளர்ந்தது. கடைசி இரும்புத் துண்டையும் அடித்து அச்சுக்குள் வைத்துக்கொண்டு, மூவரும் டீ குடித்தபடி யோசித்தார்கள்.

"வெளிய எடுத்தாத்தானே வெட்டோணும்?" என்றான் ஆறுக்குட்டி. "உள்ளயே இருக்கட்டும். அச்சோட அனுப்பீரலாம்."

"வழியில குலுங்கி வெளிய வந்துட்டா?" சிகாமணிக்கு எப்போதும் முன்யோசனை அதிகம்.

"வெல்டு வெச்சுரு."

இரண்டு அச்சையும் எந்திரத்திலிருந்து கழற்றி, சுற்றிலும் வெல்டு வைத்து, பட்டறைச் சங்கிலிக் கப்பியால் லாரியில் ஏற்றினார்கள். யானைக் கனம். ஏற்றி முடித்ததும் கப்பி உயிரை விட்டது.

ஆலை வாசலில் நாச்சிமுத்து ஓடி வந்தார். "கொக்கி எங்கடா?"

"அச்சுக்குள்ள பத்திரமா இருக்குதுங்க" என்றார்கள் லாரியிலிருந்து இறங்கிய மூவரும்.

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "பாவிகளா! எறக்குங்கடா, ஒடைச்சாவது எடுத்துத் தொலைக்கலாம்!"

மேனேஜர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் கனத்த எங்க கிரேன்தாங்க இறக்கணும்."

"அப்ப கூப்பிடுங்க" என்றான் சிகாமணி.

"அதுக்குத்தான் கொக்கி இல்லையே!"

மூவரும் தலையைத் தலையை ஆட்டிக் கலந்து பேசினார்கள். பிறகு ஆறுக்குட்டி மகிழ்ச்சியோடு தீர்ப்பு சொன்னான்: "ஒண்ணும் கெட்டுப் போகலீங்க. கிரேன் ஓடுனா கொக்கி வந்துரும். கொக்கி வந்தா கிரேன் ஓடீரும். ரெண்டுல ஒண்ணு முந்தி ஆகட்டும், பொறுங்க."

லாரி நிழலில் உட்கார்ந்து, எது முந்தும் என்று மூவரும் பந்தயம் கட்டினார்கள். நாச்சிமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மேனேஜர் வெகுநேரம் யோசித்துவிட்டு, கிரேன் பக்கம் கட்டினார்.