ஒரு தழைக்கு இரண்டு பேர்

தேனுக்கு ஆசைப்பட்டுப் பாறையேறிய ஆண் கரடி கால் தவறி விழுந்தது. இடுப்பில் பலத்த அடி. அதன் முனகலைக் கேட்டுப் பெண் கரடி அதைத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தது.

ஓடையின் தென்கரையில் இருந்த வைத்தியர் உடும்பிடம் ஓடியது. உடும்பு ஒரு காய்ந்த தழையைக் கொடுத்தது.

"இதன் பேர் நோவாற்றி. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. அதற்கு மேல் கூடாது!"

"கூடக் கொடுத்தால் சீக்கிரம் ஆறாதா, அண்ணே?"

"ஆறாது, தங்கச்சி! ஈரல்தான் இந்தத் தழையைப் பக்குவம் பண்ணி மூத்திரத்தோடு வெளியே தள்ளுகிறது. அப்போது துளி விஷம் உண்டாகும். ஈரல் தன் கையிருப்பைப் போட்டு அதையும் முறித்துவிடும். அளவோடு தின்றால் கேடில்லை. கையிருப்பு தீர்ந்தாலோ, விஷம் ஈரலையே தின்றுவிடும்!"

உடும்பு சொன்னபடியே பெண் கரடி கொடுத்தது. நோவு குறைந்தது. ஆனால் உடம்பு அனலாய்க் கொதித்தது.

நலம் விசாரிக்க வந்த வடகரை மந்தி, தேனில் பிடித்த மருந்து உருண்டைகளை நீட்டியது.

"காய்ச்சலுக்கு இதைக் கொடு, அக்கா! வேளைக்கு இரண்டு!"

"இது நோவாற்றி இல்லையே?"

"சேச்சே! அப்படி ஒரு பேரையே நான் கேட்டதில்லை. இது சுரமுறிச்சி!"

கரடியின் மூக்குக்கு எதுவும் தப்பாது. ஆனால் தேன் வாசம் வந்துவிட்டால் கரடிக்கு வேறு வாசம் ஏது? நோவுக்கு நோவாற்றி, காய்ச்சலுக்குச் சுரமுறிச்சி என்று அது மாற்றி மாற்றி ஊட்டியது.

காய்ச்சல் விட்டது. பெண் கரடி மகிழ்ந்தது, பாவம்! பிறகு ஆண் கரடி வாந்தியெடுத்தது. கண் மஞ்சளாயிற்று. தேனைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உடும்பு வந்து ஓர் உருண்டையை உடைத்து முகர்ந்தது.

"ஐயோ! இதுவும் நோவாற்றிதான்! வடகரையில் பேர்தான் வேறு!"

"நான் அளவு மீறவில்லையே, அண்ணே! அதில் ஓர் அளவு, இதில் ஓர் அளவுதானே கொடுத்தேன்!"

"பேர் இரண்டு, தங்கச்சி. ஈரல் ஒன்றுதானே!"

கொடுத்த மருந்தை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், தனக்கு ஊட்டிய கையை ஒருமுறை நக்கிவிட்டு ஆண் கரடி கண்ணை மூடியது. பெண் கரடி அந்தக் கையையே பார்த்து அழுதது.

மருந்தின் பேரை மட்டும் கேட்டு, உள்ளே இருக்கும் தழை எது என்று கேட்காமல் கொடுத்தால், அன்பாய் ஊட்டும் கையே எமன் கையாகிவிடும்.